பாறைச் சூடும் இரு கம்பிகளும்



கோலார் தங்கவயல் என்றவுடன் பலருக்குப் பொன் நினைவு வரும். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் அங்கே குடியேறிய குடும்பத்தாருக்கோ முதலில் வருவது வெம்மையின் நினைவே. 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியாரின் நிருவாகத்தில் வளர்ந்த அச்சுரங்கங்களுள் சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வாழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி சென்டிகிரேடைக் கடந்திருந்தது. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் அங்கு எழுந்த ஒரு வினா இன்றும் எல்லா ஆழ்சுரங்கங்களுக்கும் உரியது: பாறையின் உண்மையான சூட்டை எவ்வாறு அறிவது?

இது வெறும் ஆராய்ச்சி ஆவல் அன்று. கீழே எவ்வளவு குளிர்காற்று அனுப்ப வேண்டும் என்ற கணக்குக்குப் பாறையின் சூடே அடிப்படை. அளவு 5 டிகிரி குறைவாகக் கிடைத்தால் குளிர்விக்கும் இயந்திரமும் சிறிதாகவே அமையும். அக்குறையைச் சுமப்பவன் கீழே பாறையைத் துளைக்கும் தொழிலாளி.

பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பொதுவாக 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும். கோலாரின் மிகப் பழைய பாறைகளில் இந்த ஏற்றம் அதில் ஏறத்தாழப் பாதியே. ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வர்மா, ராவ் ஆகியோர் இவ்வயலின் புவிவெப்பப் பாய்வைப் பற்றி 1965இல் ஆய்வுரை வெளியிட்டனர். ஏற்றம் இவ்வளவு குறைவாக இராவிடில் அத்தனை ஆழத்தில் மனிதர் வேலை செய்திருக்கவே இயலாது.

நீண்ட துளைக்குள் பாதரச வெப்பமானியை விட்டால் வெளியே நின்று அதைப் படிக்க முடியாது. வெளியே எடுத்தாலோ சூடு மாறிவிடும். இங்கே உதவுவது வெப்ப மின்னிரட்டை. இச்சொல்லைத் தமிழில் ஆக்கியவரைப் பாராட்ட வேண்டும். பொருள் சொல்லிலேயே இருக்கிறது. இருவேறு உலோகக் கம்பிகளை இணைத்து, ஒரு முனையைச் சூட்டிலும் மறுமுனையைக் குளிரிலும் வைத்தால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் ஸீபெக் என்பார் கண்ட விளைவு இது. பிலாயிலும் இராஞ்சியிலும் ஆலைப் பணி புரியும் நேயர் சிலர் இதை அன்றாடம் கையாளுவர்.

ஈரம் மிகுந்த சுரங்கத்துக்குச் செம்பும் கான்ஸ்டன்டானும் ஏற்றவை. கான்ஸ்டன்டான் என்பது செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 40 மைக்ரோவோல்ட்தான் கிடைக்கும். மறுமுனை பனிக்கட்டி நீரில் இருக்க, 60 டிகிரிக்குச் சுமார் 2.5 மில்லிவோல்ட். இத்துணைச் சிறிய அளவாதலால் செய்முறையில் கவனம் வேண்டும். இரு கம்பிகளின் நுனிகளையும் தேய்த்துத் துப்புரவாக்கி, சிறிதளவே சேர்த்து, பற்றவைத்து மணி போல் ஆக்குக. பலமாக இருக்கட்டும் என்று நீளமாக முறுக்குவது தவறு. மின்கருவியிலிருந்து வரும் வழியில் கம்பிகள் முதலில் எங்கே தொடுகின்றனவோ, அவ்விடத்தின் சூட்டையே அவை பெரிதும் சொல்லும்.

சரிபார்ப்பதற்குப் பனிக்கட்டி நீரும் கொதிநீரும் போதும். ஆனால் தங்கவயல் கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே உள்ளது. அங்கே நீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். சுரங்கத்தின் அடியிலோ காற்றழுத்தம் மிகுதி. அங்கு நீரைக் கொதிக்கவைத்தால் 105 டிகிரியையும் கடந்துதான் கொதிக்கும். கொதிநீர் என்றால் 100 டிகிரி என்று பள்ளியில் படித்ததை நம்பினால் மேலே ஒரு பிழை, கீழே வேறொரு பிழை!

இனிப் பொருத்தும் முறை. கருவி நன்றாக இருந்தும் அளவு பொய்ப்பது பெரும்பாலும் இங்கேதான். சுரங்கச் சுவரில் மணியை ஒட்டிவைத்தால் காற்றால் குளிர்ந்த மேற்பரப்பின் சூடே தெரியும். திறந்து பல மாதங்களான சுவரில் இக்குளிர்ச்சி ஆழமாக ஊடுருவியிருக்கும். ஆகவே, புதிதாகத் திறந்த பாறையில் பல மீட்டர் துளைத்து, அடியில் மணியை அழுந்தப் பொருத்த வேண்டும். மணிக்கும் பாறைக்கும் இடையே காற்று நில்லாதபடி சிமெண்டுக் குழம்பால் நிரப்புவது நன்று. கம்பி வழியே சூடு வெளியேறும். எனவே, மெல்லிய கம்பியாகத் தேர்ந்து, மணிக்கு அருகே சிறிது நீளம் பாறையோடு ஒட்டிச் செல்லுமாறு விட வேண்டும். துளையின் வாயை அடைக்க வேண்டும். அவ்வாயின் கூரிய விளிம்பில் கம்பியின் மேலுறை கிழிந்து இரண்டும் தொட்டுக்கொண்டால், உள்ளே மணி இருந்தும் பயனில்லை. வாயிலின் சூடே அளவாக வரும். அந்த அளவு குறைவானது, அதனால் ஆபத்தானது. துளைக்கும்போது நீரும் உராய்வும் பாறையின் சூட்டை மாற்றிவிடுகின்றன. ஆதலால் சில நாள் பொறுத்து, அளவு மாறாமல் நிற்கக் கண்ட பிறகே குறித்துக்கொள்ள வேண்டும். அவசரக்காரருக்கு இது உகந்த வேலை அன்று.

பாறையின் சூடு இயந்திரக் கணக்குக்கு. மனிதன் தாங்குவானா என்பதற்கோ காற்றின் ஈரமும் தெரிய வேண்டும். இதற்கும் நம் கம்பிகளே போதும். ஒரு மணியை உலர்வாக விட்டு, மற்றொன்றை ஈரத்துணியால் மூடி, இரண்டின் மீதும் காற்றோட்டத்தைச் செலுத்துவர். ஈரமணியின் அளவு 35 டிகிரியை நெருங்கினால் வியர்வை உடலைக் குளிர்விக்காது. கடும் உழைப்பில் அதற்கு வெகு முன்னரே உடல் தளர்ந்துவிடும். துணியில் தூசி படிந்தாலோ நீர் வற்றினாலோ அளவு உண்மையைவிட உயர்ந்து தோன்றும். பாறையளவில் நேரும் பிழைகளைப் போலன்றி, இப்பிழை தொழிலாளியின் பக்கம் சாய்வது. இருப்பினும், துணியை நாள்தோறும் மாற்றி, வடித்த நீரால் நனைப்பதே முறை.