ஒளிக்கும் ஓர் எல்லை



சோறாக்கும் பானையை விளிம்பு வரை நீரால் நிரப்பி எவரும் உலையேற்றுவதில்லை. கொதி வந்தால் பொங்கும்; பொங்குவதற்கு மேலே நான்கு விரற்கடை இடம் வேண்டும். தொலைக்காட்சிக்கு அனுப்பும் படத்தின் ஒளியளவைப் பற்றி நான் இன்று சொல்லவிருப்பதற்கும் இச்சிறு செய்தியே அடிப்படை.

கணிப்பொறியிலுள்ள படம் எண்களால் ஆனது. எட்டு பிட் முறையில் ஒவ்வொரு புள்ளியின் ஒளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் அமையும். கணிப்பொறியின் வழக்கில் 0 முழுக் கருமை. 255 முழு வெண்மை. தொலைக்காட்சியின் வழக்கோ வேறு. அங்கே கருமை 16, வெண்மை 235. பத்து பிட் முறையில் இவை 64, 940 என்று வரும். 1982-ஆம் ஆண்டில் பன்னாட்டு வானொலி ஆலோசனைக் குழு ஏற்ற 601-ஆம் பரிந்துரை இவ்வளவுகளை வகுத்தது. உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்குப் பின்னர் வந்த 709-ஆம் பரிந்துரையும் இவற்றையே பின்பற்றியது.

மேலும் கீழும் இடத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அது வீண் அன்று. கரிய பின்னணியில் வெள்ளை எழுத்து ஒன்று நிற்கிறது என்று கொள்வோம். கருமையிலிருந்து வெண்மைக்குத் திடீரெனத் தாவும் அவ்விளிம்பு, வடிகட்டிகளின் வழியே செல்லும்போது தன் அளவை ஒரு கணம் தாண்டிப் பின்னரே நிலைக்கு வரும். படத்தைச் சுருக்கிப் பதியும்போதும் இவ்வாறே நேரும். அத்தாவலுக்கு இடம் வேண்டும். அன்றியும், 0, 255 ஆகிய இரண்டு எண்களும் காலக் குறிகளுக்கென ஒதுக்கப்பட்டவை.

அனலாக் காலத்தில் இவ்வரம்பு இன்னும் கண்டிப்பாக இருந்தது. பால் முறையில் ஒரு வோல்ட் குறிப்பலையில் 0.3 வோல்ட் ஒத்தியக்கக் குறிக்கும், 0.7 வோல்ட் படத்திற்கும் உரியவை. இந்தியா முதலிய பல நாடுகளின் ஒளிபரப்பில், படம் வெளுக்க வெளுக்க ஊர்தியலை குன்றும். வெண்மை வரம்பு கடந்தால் அலை குன்றியே போய், ஒலியில் இரைச்சல் எழும். படத்தின் குற்றத்தைக் காது கேட்டது!

இவ்வரம்பை நான் கற்றது ஒரு தவற்றினால். உப்பளத்தில் உழைக்கும் மூதாட்டி ஒருவரைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்து, ஒளிபரப்புக்கு அனுப்பினேன். ஒளியளவு மிகை என்று அது திரும்பி வந்தது. அனுப்ப வேண்டிய நாளோ நெருங்கியிருந்தது. படத்தொகுப்பு மென்பொருளில் லிமிட்டர் என்னும் கருவியை இறுதியில் பூட்டி, 235-க்கு மேற்பட்டவற்றையெல்லாம் வெட்டினேன். படம் தேர்வில் தேறியது. ஆனால் அந்த அம்மையார் பகலெல்லாம் வாரிக் குவித்த உப்புக் குவியல் வெறும் வெள்ளைத்தாள் போலத் தோன்றியது. ஒரு பரலும் தெரியவில்லை. அவர் தலையில் கட்டிய வெள்ளைத் துணியும் அக்குவியலோடு கலந்து மறைந்தது. எவருடைய உழைப்பைக் காட்டப் புறப்பட்டேனோ, அவருடைய உழைப்பையே அழித்துவிட்டேன்.

மூலப்பதிவைத் திரும்பப் பார்த்தேன். ஒளிப்படக்கருவி 235-க்கு அப்பாலும் பதிந்திருந்தது. உப்பின் பரல்களெல்லாம் 235-க்கும் 255-க்கும் இடையே பத்திரமாக இருந்தன. வெட்டாமல், ஒளியின் உச்சியை மட்டும் மெல்ல வளைத்துத் தாழ்த்தினேன். பரல்கள் மீண்டன, வரம்பும் காக்கப்பட்டது.

நிறத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ஒளியும் நிறமும் தனித்தனியே வரம்பிற்குள் இருந்தாலும், சேரும்போது வரம்பு மீறலாம். ஒளிக்கும் நிறக்கூறுகளுக்கும் உரிய எண்களை எவ்வகையில் சேர்த்தாலும், அச்சேர்க்கைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் மெய்யான கலவையாகும். அடர்சிவப்புத் தலைப்பெழுத்துகள் அடிக்கடி அகப்படுவது இங்கேதான். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் 103-ஆம் பரிந்துரை, இம்மூன்று நிறங்களுக்கும் கீழே 5 விழுக்காடும் மேலே 5 விழுக்காடும் சலுகை தருகிறது. படப்பரப்பில் 1 விழுக்காட்டுக்கு மேல் அச்சலுகையும் மீறப்பட்டாலே அதைக் குற்றமாகக் காட்டச் சொல்கிறது.

ஆகவே மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளுங்கள். முதலாவது, கண்ணை நம்பாமல் கருவியை நம்புங்கள். கண் இருட்டறையில் ஒன்றும் வெயிலில் வேறொன்றும் சொல்லும். வேவ்ஃபார்ம் மானிட்டரும் வெக்டர்ஸ்கோப்பும் எங்கும் ஒன்றே சொல்லும். இரண்டாவது, ஒவ்வொரு காட்சியையும் தனித்தனியே சீர்செய்த பின்னரே லிமிட்டரை நாடுங்கள். அது வாசலில் நிற்கும் காவலன். வீட்டுக்காரனின் வேலையைச் செய்ய வந்தவன் அன்று. மூன்றாவது, ஆக்கி முடித்த கோப்பையே மீண்டும் திறந்து அளந்து பாருங்கள். 0 முதல் 255 வரை விரிந்த படத்தை 16 முதல் 235 வரை உள்ளதென்று மென்பொருள் தவறாகக் கொண்டால் நிழல்கள் கரியாகும். வெளிச்சங்கள் வெளிறி மறையும். மாறிக் கொண்டாலோ கருமை சாம்பலாகி, படம் பனி மூடியதுபோல் மங்கும்.

எல்லை என்பது ஒளிக்குப் பகை என்று நானும் ஒருகாலத்தில் எண்ணியதுண்டு. உண்மையில், படத்தைப் பழுதின்றிக் காண்பவரிடம் சேர்ப்பதே அதன் நோக்கம். எல்லையைக் கடைசியில் அஞ்சி வெட்டுகிறவன் படத்தை இழக்கிறான். முதலிலேயே அறிந்து அமைக்கிறவன் உப்பின் ஒரு பரலையும் இழப்பதில்லை.