தொங்கும் கையும் கேஸ் ஷீட்டும்

(பெண்களும் மாணவர்களும் கூடிய அமர்வொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நிலம், சுடுகாடு, டீக்கடை, தேர் என்று நிறையப் பேசியிருக்கிறோம். பிரசவ அறையைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அங்கே நடக்கிற ஒன்றைத்தான் இன்னிக்குச் சொல்ல வந்தேன்.

பிறந்த குழந்தை ஒரு கையை ஆட்டுது. இன்னொரு கை உள்பக்கம் திரும்பி, மணிக்கட்டு மடங்கி, துவண்டு கிடக்குது. ஊர்ல என்ன சொல்றாங்க? 'கிரகணத்துல வெளிய போயிருப்பா', 'பொறவி ஊனம்', 'தலையெழுத்து'. பழி எல்லாம் பெத்தவ மேலதான்.

தலையெழுத்து அல்ல. கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கைக்கு வரும் ஐந்து நரம்புகளின் பின்னல் இழுபட்டிருக்கிறது. தலை வெளியே வந்தபின் குழந்தையின் தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்ளும். அப்போது தலையைப் பிடித்து வலிந்து இழுத்தால் நரம்பு நீளும். சில சமயம் அறுந்தே போகும். தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்கி, அடிவயிற்றில் அழுத்தித் தோளை விடுவிக்க வேண்டும். மேல்வயிற்றை அழுத்தினால் தோள் இன்னும் இறுகும்.

எல்லாக் காயமும் அலட்சியத்தால் வருவதல்ல. சரியாகக் கையாண்ட பிரசவத்திலும், அபூர்வமாக சிசேரியனிலும்கூட வரும். ஆகவே நாம் கேட்க வேண்டியது: கர்ப்பத்தில் சர்க்கரை பார்த்தார்களா? தோள் சிக்கியதும் என்ன செய்தார்கள்? அதை எழுதி வைத்தார்களா?

பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதங்களில் கை திரும்பிவிடும். மூன்று மாதமாகியும் முழங்கையை மடக்க முடியாவிட்டால் நரம்பு அறுவை நிபுணரிடம் காட்டியாக வேண்டும். 'தானா சரியாயிடும், போ' என்று ஒரு வருஷத்தைக் கழித்தால் நரம்பைச் சீராக்கும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். கேள்வி கேட்டால் அதட்டுவார்கள் என்று நம்ம சனங்க வாய் திறப்பதில்லை. அந்தப் பயத்துக்குச் சரித்திரம் உண்டு. கத்தியவாரில் பிள்ளை பெற்ற ஒரு தலித் ஆசிரியரின் மனைவியைத் தொட மறுத்த டாக்டர், தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்து, அவர் மூலம் கணவனுக்குத் தரச்செய்து காய்ச்சல் பார்த்தார். அவள் செத்துப்போனாள். 1929இல் வெளியான அந்தக் கடிதத்தை அம்பேத்கர் எடுத்து எழுதியிருக்கிறார்.

சரி, சட்டம் என்ன தருகிறது? 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி அதில் வராது. காசு கொடுத்தவன் நுகர்வோர். கொடுக்க வக்கில்லாத நம்ம பொம்பள யாரு? சிலரிடம் மட்டும் கட்டணம் வாங்கும் ஆஸ்பத்திரியானால், இலவசமாகப் பார்க்கப்பட்டவருக்கும் உரிமை உண்டு. நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டு. குழந்தையோடு பெற்றோரும் நுகர்வோரே என்று 1998இல் தீர்ப்பாகியிருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரி என்றால் சிவில் வழக்கு. ஔரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் 1963இல் பிரசவமான பெண்ணுக்கு அடுத்து நடந்த கருத்தடை ஆபரேஷனில் வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்தார்கள், செத்துப்போனாள். அரசே பொறுப்பு என்ற தீர்ப்பு 1996இல்தான் வந்தது. முப்பத்து மூன்று வருஷம்! வழி இருக்கிறது, நீளம் இதுதான். குழந்தையின் சொந்த வழக்குக்கு 18 வயது வரை கெடு ஓடத் தொடங்காது. ஆனால் மருத்துவ ஆவணத்தை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கிறது 2002ஆம் ஆண்டு விதி. கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். அரசு ஆஸ்பத்திரியானால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

போலீஸ் கேஸ் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். டாக்டர்மீது கிரிமினல் வழக்கு நிற்க மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று 2005இல் தீர்ப்பு இருக்கிறது. சாதி சொல்லித் திட்டினாலோ, ஆஸ்பத்திரிக்குள் வரவிடாமல் தடுத்தாலோ அது வேறு குற்றம். வன்கொடுமைச் சட்டம் இருக்கிறது.

வக்கீலுக்குக் காசில்லையா? 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் எல்லோருக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்திலேயே அலுவலகம் இருக்கிறது.

மாணவத் தோழர்களே, சேரியில் ஒரு பிள்ளைக்குக் கை தொங்குது என்று கேள்விப்பட்டால் முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அன்னிக்கே கேஸ் ஷீட் கேட்டு மனு எழுதிக் குடுங்க. நகல்ல முத்திரை வாங்குங்க. கோர்ட்டுக்குப் போவதா வேண்டாமா என்பதை அந்தத் தாய் முடிவு பண்ணட்டும். முடிவெடுக்க அவ கையில ஒரு காகிதமாவது இருக்கணும்.