இணையவழிப் படிப்பில் ஒப்படைப்பும் மதிப்பெண்ணும்

(இணையவழிச் சான்றிதழ்ப் படிப்பில் சேர்ந்துள்ள விவசாயிகளுக்கான அறிமுகக் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



வேளாண்மைப் பாடங்களை வீட்டிலிருந்தபடியே செல்பேசியில் படிக்கும் வசதி இன்று வந்துவிட்டது. நீங்களும் அத்தகைய ஒரு படிப்பில் சேர்ந்திருக்கிறீர்கள். நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பாடமே உங்களுக்குச் சொல்லும். நான் இன்று பேசப்போவது வேறொன்றைப் பற்றி. நீங்கள் எழுதி அனுப்பும் விடை எங்கே போகிறது? அதை யார் திருத்துகிறார்? மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது? எந்த இடத்தில் தவறு நேரக்கூடும்? இவற்றை அறிந்துகொள்ளாவிட்டால், வயலில் நன்றாக விளைந்ததைக் களத்தில் கோட்டைவிட்ட கதையாக முடியும்.

வானொலியிலிருந்து செல்பேசிக்கு

தொலைவிலிருந்து கற்பது நமக்குப் புதிதல்ல. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டி. 27 என்ற நெல் இரகம் வானொலி நிகழ்ச்சிகள் மூலம் பரவியது. அதனால் அதை 'வானொலி நெல்' என்றே மக்கள் அழைத்தார்கள். ஆனால் வானொலியில் ஒரு குறை உண்டு. நாம் கேட்கலாம், திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. கேட்டதைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று சொல்லவும் ஆள் இல்லை.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே இணையவழிக் கற்றல் முறைகள் உருவாயின. அவற்றில் உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது 'மூடில்' என்பதாகும். இதை உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ். இவர் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறமான பாலைநிலப் பகுதியில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் வெகு தொலைவில் இருந்ததால், சிற்றலை வானொலியில் ஆசிரியரின் குரலைக் கேட்டே பாடம் படித்தவர். மூடிலின் முதல் பதிப்பு 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்தது. எந்தக் கல்வி நிலையமும் இதைக் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஆசிரியர் செய்யும் வேலை

மூடிலில் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு பாடப்பக்கம் உண்டு. ஆசிரியர் அதை வாரவாரியாகவோ தலைப்புவாரியாகவோ பாத்தி கட்டுவதுபோல் பிரித்துக்கொள்கிறார். ஒரு பாத்தியில் பாடக்குறிப்பு, அடுத்ததில் படக்காட்சி, அதற்கடுத்து வினாத்தாள், பிறகு அசைன்மெண்ட் எனப்படும் ஒப்படைப்பு என்று வரிசையாக அமையும். பாடத்தை மாற்றி அமைக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. அவருக்கு உதவியாக வருபவர்க்குத் திருத்தும் உரிமை மட்டும் கொடுத்து, பாடத்தில் கைவைக்கும் உரிமை இல்லாதபடியும் அமைக்கலாம்.

எனவே கணிப்பொறி தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. ஆசிரியர் எந்தக் கட்டத்தில் என்ன குறித்தாரோ அதன்படியே அது நடக்கிறது. அவர் தவறாகக் குறித்தால் கணிப்பொறியும் அந்தத் தவறைத் தவறாமல் செய்யும். இதை நான் என் அனுபவத்திலேயே கண்டேன்.

சரியாகக் கணக்குப் போட்டவருக்குப் பூஜ்யம்

நான் நடத்திய ஒரு படிப்பில் உர அளவு பற்றி ஒரு வினா வைத்தேன். ஓர் ஏக்கருக்குத் தழைச்சத்து 48 கிலோ இடவேண்டுமானால் எத்தனை கிலோ யூரியா தேவை? யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் உள்ளது. ஆகவே 48ஐ 46ஆல் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். நான் விடையை 104 என்று குறித்துவைத்தேன். இத்தகைய எண் வினாக்களில், விடை எவ்வளவு கூடக்குறைய இருந்தாலும் ஏற்கலாம் என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு. அதை நான் கவனிக்காமல் பூஜ்யமாகவே விட்டுவிட்டேன்.

சில நாட்கள் கழித்துப் பெரியவர் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் என் அறைக்கு வந்தார்.

"தம்பி, கணக்கு தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க. எங்க தப்புன்னு சொல்லாம சைபர் போட்டா, நான் எதைத் திருத்திக்கிறது?" என்று கேட்டார்.

நோட்டைப் பார்த்தேன். 104.35 என்று இரண்டு தசம இடம் வரை போட்டிருந்தார். மிகச் சரியான விடை அதுதான். தோராயமாக 104 என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண். துல்லியமாகப் போட்டவருக்குப் பூஜ்யம்!

"ஐயா, தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது" என்று சொல்லி, அவர் முன்னிலையிலேயே ஒரு கிலோ வரை வித்தியாசம் ஏற்கப்படும் என்று திருத்தினேன். பிறகு எல்லோருடைய விடைகளையும் மீண்டும் மதிப்பிடுமாறு கட்டளை கொடுத்தேன். இந்த வசதி மூடிலில் இருக்கிறது. சில நொடிகளில் அனைவரின் மதிப்பெண்ணும் சரியாயிற்று.

ஆனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. அதே விடையை எழுதிப் பூஜ்யம் வாங்கிய ஒரு சகோதரி அதன்பின் பாடப்பக்கத்தைத் திறக்கவே இல்லை. தொலைபேசியில் பேசியபோது, "எனக்குப் படிப்பு வராதுன்னு விட்டுட்டேன் சார்" என்றார். மதிப்பெண் திருத்தப்பட்டதைச் சொன்னேன். மகிழ்ந்தார். என்றாலும் மீதி ஒப்படைப்புகளின் காலம் கடந்துவிட்டதாக எண்ணி அவர் அந்த ஆண்டு திரும்ப வரவில்லை. அவருக்குக் கால நீட்டிப்புக் கொடுக்க முடியும் என்பதை அப்போதே அழுத்திச் சொல்லாதது என் இரண்டாவது தவறு. இந்த உரைக்கு நான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டதற்கு அவர்தான் காரணம்.

கெடுநாளும் கதவடைப்பு நாளும்

ஒப்படைப்புக்கு இரண்டு நாட்கள் குறிக்கப்படலாம். ஒன்று, கொடுக்க வேண்டிய கெடுநாள். அதைத் தாண்டி அனுப்பினால் விடை ஏற்கப்படும். ஆனால் 'தாமதம்' என்று குறிப்பு விழும். மற்றொன்று, கதவடைக்கும் நாள். அதன் பிறகு எதுவும் உள்ளே போகாது. ஆசிரியர் தனிப்பட்ட ஒருவருக்குக் கால நீட்டிப்புக் கொடுத்தால் அவருக்கு மட்டும் கதவு திறக்கும்.

இங்கே நேரத்தையும் பார்க்க வேண்டும். 15ஆம் தேதி 00:00 மணி என்று போட்டிருந்தால், அது 14ஆம் தேதி நள்ளிரவோடு முடிந்துவிடுகிறது. 15ஆம் தேதி மாலை அறுப்பை முடித்துவிட்டு வந்து அனுப்பலாம் என்று இருந்தால் ஏமாற்றமே. ஆசிரியர்கள் 23:59 என்று குறிப்பது நல்லது. நீங்கள் ஒரு நாள் முன்னதாகவே அனுப்புவது அதைவிட நல்லது.

வரைவு நிலையில் நின்றுவிடுதல்

சில படிப்புகளில் விடைத்தாளின் படத்தை ஏற்றியதும் வேலை முடிவதில்லை. அது வரைவாகவே நிற்கும். கடைசியாக ஒப்படைக்கும் பொத்தானை அழுத்தினால்தான் ஆசிரியரிடம் சேர்ந்ததாகக் கணக்கு. மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு வண்டியை ஓட்டாமல் விட்டதற்கு ஒப்பானது இது. அனுப்பிய பின் அந்தப் பக்கத்தை மீண்டும் திறந்து, 'வரைவு' என்று இருக்கிறதா, 'ஒப்படைக்கப்பட்டது' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படித் திருத்தப்படுகிறது?

ஒப்படைப்பைத் திருத்துவதற்கு முன்பே மதிப்பெண் பங்கீடு ஒன்றை ஆசிரியர் பதிவு செய்துவைக்கலாம். உதாரணமாக 20 மதிப்பெண்ணில், மண் மாதிரி எடுத்த முறைக்கு 5, உரக் கணக்குக்கு 10, சொந்த வயலின் குறிப்புக்கு 5 என்று வைக்கலாம். இந்தப் பங்கீட்டை நீங்களும் முன்கூட்டியே பார்க்கும்படி அமைக்க முடியும். அவ்வாறு வைத்திருந்தால் அதைப் படித்த பிறகே விடை எழுதுங்கள். பிறருடைய விடையைப் பார்த்து எழுதுபவர் கடைசி 5 மதிப்பெண்ணை இழப்பார். ஏனெனில் உங்கள் வயல் உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

திருத்துபவருக்குப் பெயர் தெரியாமல் எண் மட்டும் தெரியும்படியும் அமைக்கலாம். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பாகுபாடு இதனால் நீங்கும். மேலும், எல்லாத் தாள்களும் திருத்தி முடியும்வரை மதிப்பெண்ணை வெளியிடாமல் நிறுத்தி வைக்கவும் வழி உண்டு. ஆகவே மதிப்பெண் வரவில்லை என்றால் தோல்வி என்று எண்ணிவிடாதீர்கள்.

மதிப்பெண்ணுக்குக் கீழே குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கிறது. அதுதான் முக்கியம். "கணக்குச் சரி, ஆனால் சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதம் என்பதைச் சேர்க்கவில்லை" என்று ஒரு வரி இருந்தால் படிப்பவர் திருத்திக்கொள்வார். வெறும் எண்ணைப் பார்த்து எதைத் திருத்துவது? பெரியவர் கேட்டது அதைத்தானே! குறிப்பு இல்லாவிட்டால் ஆசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள். அது உங்கள் உரிமை.

மொத்தக் கணக்கில் ஒரு கண்

மதிப்பெண் ஏட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. தலா 20 மதிப்பெண்ணுக்கு மூன்று ஒப்படைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஒருவர் 18 வாங்கினார்; மற்ற இரண்டையும் அனுப்பவில்லை. காலியாக உள்ளவற்றைச் சேர்க்காமல் கணக்கிட்டால் அவர் பெற்றது 90 சதவீதம் என்று காட்டும். இறுதியில் காலியிடங்களைப் பூஜ்யமாகக் கொண்டால் 60க்கு 18, அதாவது 30 சதவீதம்தான். இடையில் தெரியும் சதவீதத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. படிப்பில் சேர்ந்ததும் எல்லாக் கெடுநாட்களையும் நேரத்தோடு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. விடைத்தாளைப் பகல் வெளிச்சத்தில், நேராகப் படம் எடுங்கள். அளவில் மிகப் பெரிய படம் ஏற்கப்படாமல் போகலாம்.

3. சிக்னல் கிடைக்காத ஊர்க்காரர்கள் மூடில் செயலியில் பாடத்தை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு இணையம் இல்லாமலே படிக்கலாம்.

4. அனுப்பிய பின் நிலையைச் சரிபாருங்கள்.

5. எழுதிய நோட்டைச் சான்றிதழ் கைக்கு வரும்வரை பத்திரமாக வையுங்கள். அந்தப் பெரியவரிடம் நோட்டு இருந்ததால்தான் என் தவறு வெளிப்பட்டது.

6. உடல்நலக் குறைவோ, அறுவடை நெருக்கடியோ வந்தால், நாள் கடக்குமுன் ஆசிரியருக்குத் தெரிவித்துக் கால நீட்டிப்புக் கேளுங்கள்.

7. பூஜ்யம் வந்தால் மனம் தளராமல், ஏன் என்று கேளுங்கள்.

விவசாயப் பெருமக்களே! ஒரு பயிர் வாடினால் நாம் உடனே நிலத்தை விட்டுப் போய்விடுவதில்லை. வேரைப் பிடுங்கிப் பார்க்கிறோம். தண்ணீரா, பூச்சியா, சத்துக் குறைவா என்று காரணம் தேடுகிறோம். மதிப்பெண் குறைந்தாலும் அப்படியே செய்யுங்கள். காரணம் உங்கள் பக்கம் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். எங்கள் பக்கம் இருந்தால் நாங்கள் திருத்திக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறோம். கேட்கத் தயங்காமல் படித்து, அனைவரும் சான்றிதழ் பெறுமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். வணக்கம்.