குங்குமச் சிமிழின் மூடி

பூஜை அலமாரியில் பழைய மரச்சிமிழ் ஏதாவது இருந்தால், இந்தப் பேச்சு முடிவதற்குள் எடுத்து வந்துவிடுங்கள். மூடியைத் திருக வேண்டாம், நேராக மேலே இழுங்கள். கைதேர்ந்த கடைசல்காரர் செய்ததென்றால் மூடி உடனே வராது. கொஞ்சம் அடம் பிடிக்கும், பிறகு ‘டப்’ என்று மெல்லிய சத்தத்தோடு கழன்று வரும். மரை கிடையாது, கொக்கி கிடையாது, பசையும் கிடையாது. மரத்தை மரம் பிடித்து நிற்கிறது, அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்காகத்தான் கடைசல் பட்டறையில் பாதிப் பொழுது கழிகிறது.

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது சென்னபட்டணம். அங்கே மரக் கடைசல் திப்பு சுல்தான் காலத்தில் வேரூன்றியதாகச் சொல்வார்கள். ஆந்திரத்தில் வராக நதிக்கரையில் ஏட்டிகொப்பாக்கா, நம் பக்கம் தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரம். குழந்தைகள் வைத்து விளையாடும் சொப்புச் சாமான் என்றால் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அம்பாசமுத்திரம்தான் நினைவுக்கு வரும். மூன்று ஊரிலும் வழி ஒன்றுதான்: மரத்தை லேத்தில் சுழலவிட்டு உளியால் கடைவது, சுழலும்போதே அரக்கு ஏற்றுவது.

கடைய எடுத்த மரம், அம்பாசமுத்திரத்தில் அந்தக் காலத்தில் மஞ்சள் கடம்பு. சென்னபட்டணத்தார் ‘ஆலெ’ என்றும் ஏட்டிகொப்பாக்காவினர் ‘அங்குடு’ என்றும் சொல்லும் மரமோ நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான், வெட்பாலை! ஆமாம், இலையைப் பறித்துத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகுமே, தோல் நோய்க்குத் தடவுவார்களே, அதே வெட்பாலை. அதன் கட்டை யானைத் தந்தம்போல வெளுப்பு, இழை அத்தனை நெருக்கம். உளி பட்டால் வெண்ணெயாக வழியும்.

ஆனால் வெட்டிய கையோடு கடைய முடியாது. இரண்டு மூன்று மாதமாவது நிழலில் காய வேண்டும். காய்ந்த பிறகும் மரம் சும்மா இருப்பதில்லை. வளைய வரிகளின் போக்கில் அது சுருங்கும் அளவு, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்கும் அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இன்றைக்கு வட்டமாகக் கடைந்தது நாளைக்கு லேசாக முட்டை வடிவமாகிவிடும். கிண்ணம் என்றால் யாரும் கவனிக்கப் போவதில்லை. சிமிழுக்கோ மூடி இருக்கிறது. வட்டம் கெட்டால் மூடி ஆடும், இல்லாவிட்டால் இறுகிக்கொண்டு திறக்கவே திறக்காது. மழைக்காலத்தில் வீட்டு ஜன்னல் கதவு சாத்த வராமல் மல்லுக்கு நிற்கிறதே, அதே சங்கதி.

அனுபவசாலிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கட்டையை முதலில் உருளையாக்கி, ஒல்லியான உளியால் மூடியைத் தனியாக அறுத்து, இரண்டையும் முரட்டுத்தனமாகக் குடைந்து அப்படியே போட்டுவிடுவார்கள். சில வாரம் கிடக்கும். மரம் தன் கோணலையெல்லாம் காட்டி முடித்த பிறகு, மறுபடி லேத்தில் ஏற்றி மூடியின் உள்வாயை முடிப்பார்கள். கடைசியில்தான் அடிப்பாகத்தின் கழுத்து, அதுவும் மயிரிழை மயிரிழையாக. ஒரு தடவை சீவுவது, மூடியைப் போட்டுப் பார்ப்பது. இன்னொரு தடவை சீவுவது, போட்டுப் பார்ப்பது. ஒரு சீவல் கூடிவிட்டால் போச்சு, போன மரம் திரும்பி வராது. மூடியிலும் அடியிலும் மரத்தின் வரி ஒரே கோடாக ஓடுகிற சிமிழைப் பார்த்தால், செய்தவர் அறுப்பில் எவ்வளவு சிக்கனமாக இருந்தார் என்பது விளங்கும்.

ஆபத்தும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் லேத்தை நிறுத்த வேண்டுமா, ஓடும்போதே லேசாக வைத்துப் பார்த்தால் என்ன என்று கை பரபரக்கும். இந்தப் பேச்சை எழுதியவரின் கையும் ஒரு மழைக்கால மாலையில் பரபரத்தது. மூடி கழுத்தைத் தொட்ட மாத்திரத்தில் கவ்விக்கொண்டது. கை விலகிவிட்டது, நல்லவேளை. மூடி காதோரமாகப் பறந்து சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த கடைசல்காரர் திட்டவில்லை. எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு, “தம்பி, மூடி போச்சுன்னா வேற மூடி கடையலாம்” என்றார். மீதியை அவர் சொல்லவில்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். மூன்று அங்குலக் குறுக்களவுள்ள சிமிழின் சுற்றளவு சுமார் 24 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் நொடிக்கு 33 சுற்று. கண் மூடித் திறக்கும் நேரத்தில் பத்துச் சுற்று ஓடிவிடும். தோளில் கிடக்கும் துண்டின் நுனி அதில் மாட்டினால், ‘ஐயோ’ என்று சொல்வதற்குள் துண்டு முழுவதும் உள்ளே போயிருக்கும். துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, முடியாத கூந்தல், மோதிரம், வளையல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருப்பவர்கள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கழற்றி வையுங்கள். கையுறையும் கூடாது, காப்பாற்றும் என்று போடுவதுதான் விரலோடு சேர்த்து இழுத்துவிடும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், நேரம் ஓடுகிறது. முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் அவசியம், கண்ணாடி மட்டும் போதாது. சுவிட்சைப் போடுமுன் கட்டையைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்து, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். குறைந்த வேகத்தில் தொடங்குங்கள், கட்டைக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். உளியைத் தாங்கும் கம்பி மரத்துக்கு நெருக்கமாக இருக்கட்டும். அதை நகர்த்துவதென்றாலும் அளவெடுப்பதென்றாலும் லேத் நின்ற பிறகுதான். தூளையும் அலட்சியம் செய்யக் கூடாது. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. கைக்குட்டை போதாது, நல்ல முகமூடி வேண்டும்.

அரக்கைச் சொல்லாமல் எப்படி விடுவது? மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரப்பதுதான் அரக்கு. அதில் நிறம் கலந்து குச்சியாக்கி, சுழலும் சிமிழின்மேல் அழுத்தினால், உரசும் சூட்டிலேயே உருகி மரத்தில் படியும். அடுப்பும் வேண்டாம், தூரிகையும் வேண்டாம். பிறகு தாழை மடலை வைத்து அழுத்தினால் கண்ணாடிபோல மினுமினுப்பு ஏறும். மரத்துக்குப் பக்கத்தில் கை போகிற வேலை இது. கை பழகும்வரை மூத்தவர் ஒருவர் அருகில் இல்லாமல் இறங்க வேண்டாம்.

விடுமுறையில் சென்னபட்டணம் பக்கமோ அம்பாசமுத்திரம் பக்கமோ போகிறவர்கள் ஒரு கடைசல் பட்டறை வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சிமிழ் வாங்கினால் நிறத்தைப் பார்த்து மட்டும் வாங்காமல், மூடியை இழுத்து அந்த ‘டப்’பைக் காதால் கேட்டு வாங்குங்கள். லேத் வாங்கி வீட்டில் தொடங்கும் எண்ணமிருந்தால், முகக் கவசத்தையும் அதே கடையில் அதே நாளில் வாங்கிவிடுங்கள்.