பொதுக் கிணறும் திறந்த நிரலும்

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன்பின் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும், சிறுசேரி வரையில், மென்பொருள் நிறுவனங்கள் வரிசையாக எழுந்தன. செங்கற்பட்டுக்கு அருகே மகேந்திரா உலக நகரம் அமைந்தது. அக்கட்டடங்களுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர்களில் நம்மவர் உண்டு. இன்று வாயிலில் காவல் நிற்பவர்களிலும், தரை துடைப்பவர்களிலும், வண்டி ஓட்டுபவர்களிலும் நம்மவர் உண்டு. உள்ளே அமர்ந்து நிரல் எழுதுவோரில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? இக்கேள்வியை முன்வைத்தே இன்று பேச விழைகிறோம்.

அக்கட்டடங்களின் வாயிலில் அடையாள அட்டை கேட்கிறார்கள். ஆயினும் உள்ளே அவர்கள் நாள்தோறும் கையாளும் கருவிகளில் பல, எவரிடமும் அட்டை கேளாதவை. அவற்றையே கட்டற்ற மென்பொருள் என்றும், திறந்த மூலநிரல் என்றும் வழங்குகிறோம்.

மூலநிரல் என்பது யாது? நம் மாமல்லபுரத்திலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. நிறைவுற்ற சிற்பத்தைக் காண்போர் அதன் அழகைக் காண்பர். அது உருவான வழியைக் காணார். பிடாரி இரதங்களையும் வலையன்குட்டை இரதத்தையும் பாருங்கள். அவை முற்றுப்பெறாதவை. பாறையை மேலிருந்து கீழாக வெட்டி இறங்கிய முறையும், உளி நடந்த தடமும் அவற்றில் தெரிகின்றன. கற்க விரும்பும் சிற்பிக்கு அதுவே பாடம். கணிப்பொறி நிரலும் அத்தகையதே. இயங்கும் வடிவில் மட்டும் விற்கப்படும் மென்பொருளில் அது செய்யப்பட்ட வழி மறைக்கப்பட்டிருக்கும். திறந்த மென்பொருளிலோ, எழுதியவர் எழுதிய ஒவ்வொரு வரியும் நம் கண்முன் இருக்கும்.

அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்கவும், படித்துப் பார்த்து மாற்றவும், பிறர்க்குப் படியெடுத்து அளிக்கவும், திருத்தியதை ஊருக்கு வழங்கவும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' கருவை எழுதி வெளியிட்டார். நம் இளைஞர்களின் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு தொலைபேசிக்கும் அடித்தளம் அதுவே.

இத்தகைய மென்பொருளைப் பலர் கூடி எவ்வாறு ஆக்குகிறார்கள்? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை, 44-ஆம் சதுரங்க ஒலிம்பியாடு மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்ததை அறிவீர்கள். 180-க்கும் மேற்பட்ட நாட்டினர் வந்தனர். இன்றைய சதுரங்க வீரர்கள் தம் ஆட்டத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்தும் நிரல்களுள் முன்னிற்பது 'ஸ்டாக்ஃபிஷ்'. அச்சொல்லுக்கு உலர்த்திய மீன், அதாவது நம் கடற்கரையின் கருவாடு என்பது பொருள்! நார்வே நாட்டினர் ஒருவர் எழுதிய நிரலை அடிப்படையாகக் கொண்டு, இத்தாலியர் ஒருவர் 2008-இல் இதைத் தொடங்கினார். நார்வேயில் உண்டாகி இத்தாலியில் சமைக்கப்பட்டது என்பதால் இப்பெயர் இட்டனர்.

இதில் திருத்தம் செய்ய எவரும் முன்வரலாம். புதிய திருத்தத்தையும் பழைய நிரலையும் ஒன்றோடொன்று ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆட விடுகிறார்கள். உலகெங்குமுள்ள தொண்டர்கள் இதற்காகத் தம் கணிப்பொறிகளின் ஓய்வு நேரத்தை அளிக்கிறார்கள். 2013 முதல் இம்முறை நடைபெறுகிறது. புதியது வென்றால் ஏற்பு, இன்றேல் தள்ளுபடி. திருத்தியவர் எந்தத் தெருவில் பிறந்தார் என்பதை அந்தச் சோதனை அறியாது.

இப்பணிகளுக்குப் பெரிதும் உதவும் கருவி 'கிட்'. இதனையும் டோர்வால்ட்ஸே 2005-இல் ஆக்கினார். நம் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில், யார், எதை, எதற்காக மாற்றினார் என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கேள்வி எழுப்பிய பின்னரே அது மூலத்தில் சேர்க்கப்படும். பிழை கண்டவர் அறிக்கை தருவார்; அவ்வறிக்கையும் யாவரும் காண இருக்கும். ஆகவே நாம் செய்த பணிக்கு நாளை எவரிடமும் சிபாரிசுக் கடிதம் கேட்டு நிற்க வேண்டியதில்லை. பணியே சான்றாக நிற்கும்.

பொதுச்சொத்தை எவரேனும் வேலியிட்டால்? அதற்கும் காப்பு உண்டு. ஜெர்மனியின் செஸ்பேஸ் என்னும் நிறுவனம், ஸ்டாக்ஃபிஷ் நிரலைத் தன் விற்பனைப் பொருளில் சேர்த்துவிட்டு, உரிமத்தின் நிபந்தனைகளைக் காக்கவில்லை என்று 2021-இல் அதனை எழுதியவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2022 நவம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. ஸ்டாக்ஃபிஷ் அடங்கிய பொருள்களை ஓராண்டு விற்பதில்லை என அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. பொதுவில் எடுத்ததைப் பொதுவிலேயே வைக்க வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் உயிர்.

அன்பர்களே! பொதுச்சொத்து என்றதும் நம் நினைவுக்கு வருபவர் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொது இடம் யாவும் நம் மக்களுக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அவர். அரசாணை பிறந்தது. அன்றே எல்லாக் கிணற்றிலும் நாம் நீர் இறைத்துவிட்டோமா? இல்லை. 1927-இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்று நீர் அருந்த வேண்டியிருந்தது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. குடத்தோடு நடந்து செல்லும் கால்களும் வேண்டும்.

திறந்த நிரலும் பொதுக் கிணறே. அங்கே தடுப்பார் இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. குடமும் கயிறும் இல்லாதவனுக்குத் தடுப்பார் இல்லாத கிணறும் எட்டாத கிணறே ஆகும். கணிப்பொறி வேண்டும், இணைய இணைப்பு வேண்டும், ஆங்கிலம் ஓரளவு வேண்டும், அருகிருந்து வழிகாட்ட ஒருவர் வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாக ஓய்வு நேரம் வேண்டும். மாலையில் கடையில் நின்று வீட்டுக்கு அரிசி வாங்கித் தர வேண்டிய பிள்ளை, ஊதியமின்றி நிரல் எழுத எங்கே போவான்? 'திறமை இருந்தால் முன்னேறலாம்' என்று உபதேசிப்போர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தக் குடத்தையும் கயிற்றையும் தருவதே நம் சங்கத்தின் கடமை.

கைப்பொருள் நம்மிடம் அறவே இல்லை என்பதும் சரியன்று. எல்காட் நிறுவனம், திரு. சி. உமாசங்கர் அவர்கள் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், லினக்ஸுக்கு மாறியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் நம் வீடுகளுக்கு வந்தது. பிள்ளைகளுள் பலர் அதனைத் திறந்து பார்க்கவில்லை. திறந்து காட்ட ஆள் இல்லை. 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் வந்த மேல்நிலைப் பாடநூல்களில் பதினோராம் வகுப்புக்கு உபுண்டுவும், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தானும் இடம்பெற்றன. இரண்டும் திறந்த மென்பொருள்களே. தமிழில் கற்க விரும்புவோர்க்கு 2012 முதல் 'கணியம்' இணைய இதழ் தொண்டாற்றி வருகிறது. பெங்களூரில் குடிசைப் பகுதி ஒன்றில், கட்டற்ற மென்பொருள் தொண்டர்கள் 'அம்பேத்கர் சமுதாயக் கணிப்பொறி மையம்' என்ற பெயரில், லினக்ஸ் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். அங்கு முடிந்தது இங்கு முடியாதா?

ஆகவே மூன்று பணிகளை வேண்டிக்கொள்கிறோம். முதலாவது, சங்கக் கட்டடத்தின் ஓர் அறையை வாரத்தில் இரு மாலைகள் இதற்கென ஒதுக்குக. வீடுகளில் முடங்கிக் கிடக்கும் பழைய மடிக்கணினிகளைத் திரட்டி லினக்ஸ் நிறுவினால், அவற்றுள் பல மீண்டும் உழைக்கும். இரண்டாவது, சிறிய பணியிலிருந்து தொடங்குக. பிழை கண்டு அறிக்கை எழுதுதல், திரையில் தோன்றும் சொற்களைத் தமிழாக்குதல், விளக்கக் குறிப்பு எழுதுதல் ஆகியவையும் நிரல் பணியே. நம் நூலகத்தின் புத்தகப் பட்டியலையும், கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களின் கடைசி நாள்களையும் காட்டும் சிறு நிரலை நம் பிள்ளைகளே எழுதி, கிட் பதிவேட்டில் இட்டு, ஊருக்கு வழங்கட்டும். மூன்றாவது, கற்றுத் தேறியோரை ஊதியமுள்ள பயிற்சிகளுக்கு அனுப்புக. 2005-இல் தொடங்கிய 'கூகுள் சம்மர் ஆஃப் கோடு', ஒதுக்கப்பட்டோர்க்கென அமைந்த 'அவுட்ரீச்சி' ஆகியவை உதவித்தொகை தந்து, வீட்டிலிருந்தே பணிபுரிய வாய்ப்பளிப்பவை. விண்ணப்பம் எழுத உதவுவது ஆசிரியர்களாகிய நம் பொறுப்பு.

படித்து வேலையில் அமர்ந்திருக்கும் சங்க உறுப்பினர்களுக்கு ஒரு சொல். நீங்கள் ஏறி வந்த படிகளில் உங்கள் பின்னால் ஒரு பிள்ளை நிற்கிறது. வாரம் ஒரு மணி நேரம் அதன் அருகில் அமருங்கள். அப்பிள்ளை எழுதும் நிரலைப் படித்துப் பிழை காட்டுங்கள். பணமுடிப்பைவிட அந்த ஒரு மணி நேரம் பெரிது.

இளைஞர்களே! பிறர் ஆக்கிய கருவியைப் பயன்படுத்துவோராக மட்டும் நாம் இருக்கும்வரை, வாயிலில் நிற்கும் நிலை மாறாது. கருவியை ஆக்குவோராக வேண்டும். கிணறு பொதுவென்று எழுதியாயிற்று. குடத்தை எடுங்கள், நடப்போம்.