சைக்கிளும் ஒரு கோரிக்கை
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பிள்ளைகளின் கண்ணெல்லாம் பரிசு மேசை மேல் இருக்கிறது. ஆகவே நீட்டாமல் பேசுகிறேன்.

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். அவரிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. தோட்டத்து ஆபீசை நெருங்கினால் போதும், இறங்கிவிடுவார். தள்ளிக்கொண்டே போய், ஆபீசைத் தாண்டிய பிறகுதான் ஏறுவார். நான் சிறுவனாக இருந்தபோது அந்த ஆபீசில் துரையும் இல்லை, கிராணியும் இல்லை, பூட்டிக் கிடந்தது. "ஏன் தாத்தா எறங்குறீங்க?" என்று கேட்டால், "பழகிப் போச்சுப்பா" என்பார். அவ்வளவுதான். அதன் பொருள் எனக்கு விளங்கியது, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் ஒரு வரலாற்று நூலைப் புரட்டிய அன்றுதான்.

அந்தக் காலத்தில் தொழிலாளி, துரைக்கு முன்னால், ஏன், கிராணிக்கு முன்னால்கூட, சைக்கிளில் உட்கார்ந்து போகக் கூடாது. இறங்கி நிற்க வேண்டும்.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதை வழிநடத்தியவர்களில் ஒருவர் ஆர். எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைக் கேளுங்கள். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் வந்து போகத் தடை கூடாது. இவற்றோடு இன்னொன்று: துரை முன்னாலும் கிராணி முன்னாலும் சைக்கிளில் ஏறிப் போக உரிமை வேண்டும்!

கூலி கேட்ட இடத்திலேயே சைக்கிளையும் கேட்டார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கூலி வயிற்றுக்கு, சைக்கிள் மானத்துக்கு. ஒருவன் தனியாகப் போய் "நான் எறங்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தால் மறுநாளே லயத்தைக் காலி செய்திருப்பான். சங்கம் கேட்டதும் அது ஊரறிந்த கோரிக்கை ஆயிற்று. பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு துரைமார் தலையில் விழுந்தது.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த ஆண்டு அவர்கள் வெல்லவில்லை. மே மாதம் நாதன் கைதானார். இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். டிசம்பரில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். போர் முடிந்து, 1954-இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் ஆன பிறகு, முதலாளிமார் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கூலி பேசும் நிலை வந்தது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். ஆறாம் ஆண்டு முடித்த நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போக, விடியாத இருட்டில் செம்பனைக் காட்டுக்குள் நடந்து பெரிய சாலைக்குப் போகிறார்கள். பஸ் உள்ளே வர வேண்டும் என்று சென்ற ஆண்டு நம் சங்கத்தில் மனு எழுதினோம். முதல் வாரம் நிறையப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து, "சார், என் பேரை அடிச்சிடுங்க, மேலே தெரிஞ்சா வம்பு" என்றார்கள். ஒரு தாய் பேரை அடிக்கச் சொல்லிவிட்டு அழுதார். எனக்குக் கோபம் வரவில்லை. தாத்தாவின் சைக்கிள்தான் கண்முன் வந்தது. மனு போகாமலே நின்றது. அந்த ஆண்டே இரண்டு பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பேரும் என் வகுப்பில் படித்தவர்கள்.

1941 கோரிக்கைகளில் இதுவும் இருந்தது: குறையை எடுத்துச் சொல்பவனைப் பழிவாங்கக் கூடாது. பயம் அன்றும் இருந்திருக்கிறது. அந்தப் பயத்தையும் மறைக்காமல் கோரிக்கையாகவே வைத்தார்கள்.

இந்த முறை மனுவில் முதலில் இருப்பது எந்தத் தனி ஆளின் பெயரும் அல்ல. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முத்திரை, கோயில் கமிட்டி முத்திரை, இளைஞர் மன்ற முத்திரை, மூன்றும் விழுந்துவிட்டன. அதற்கடியில்தான் உங்கள் பெயர்கள். தாள் வாசலண்டை மேசையில் இருக்கிறது. எழுத வராதவர்கள் கைநாட்டு வைக்கலாம், மை இருக்கிறது. பரிசு கொடுத்து முடிந்ததும் நான் அங்கேதான் நிற்பேன்.