மொட்டை மாடியும் படிக்கட்டின் அடியும்

காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் பணம் போடுகிறார்கள். ஆனால் மொட்டை மாடி, வடகமும் வற்றலும் காய்கிற நாட்கள் போக, சும்மாதான் கிடக்கிறது. அதில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைக்கலாமே. 500 சதுர அடி மாடி என்றால் ஏறக்குறைய 46 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆக, ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 460 லிட்டர்; சிந்தியது, உறிஞ்சியது போக 350 லிட்டராவது தேறும். தொட்டி வைக்க இடம்? உடைந்த நாற்காலியும் பழைய சைக்கிள் டயரும் அடைந்து கிடக்கும் மாடிப்படியின் அடிதான். 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்குப் பெரும்பாலும் அந்த இடம் போதும்.

வானம் பார்த்த பூமியில் மழைக்கு எங்கே போவது என்பீர்கள். மழை குறைந்த ஊருக்குத்தானே சேமிப்பு அவசியம்? 2003-லேயே அரசு மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கி, மாடிக் குழாயைக் குழிக்குள் விட்டாயிற்றே என்பது அடுத்த கேள்வி. குழி வேண்டியதுதான். ஆனால் நிலத்தடி நீர் உவர்ப்பாக உள்ள இடத்தில், இறங்கிய மழைநீர் அந்த உப்போடு கலந்துவிடும். தொட்டியில் பிடித்தால் பருப்பு வேகிற நல்ல தண்ணீராகவே இருக்கும். நிரம்பி வழிவதைக் குழிக்கு விடலாம். கொசு வருமே என்பது நியாயமான பயம். மூடியை இறுக்கி, வழிகிற குழாய் வாயில் வலை கட்ட வேண்டும். முதல் மழையைத் தொட்டிக்குள் விடாதீர்கள், அது மாடியைக் கழுவிக்கொண்டு போகட்டும். குடிப்பதற்கென்றால் வடிகட்டிக் காய்ச்சுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் மாடியைப் பெருக்கி, குழாய் அடைப்பை எடுத்துவிடுங்கள்.